மருமகனுக்கு நான் கொடுத்த கடிதங்கள் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதுரங்குளி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி நௌஃபர் ஹாஜியார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மதுரங்குளி கருவாட்டுக் கடை ஜவாஹிர் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் மனைவி பஸீனாவும் மகள் றிஸ்லாவும் சுகமே இருக்கிறோம். தங்கள் முழங்கால் வலியும் தங்கள் வீட்டாரின் பிரஷரும் குறைந்திருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன். போன மாதம் கொடுத்தனுப்பிய பனங்கிழங்கு வந்து சேர்ந்தது, அதில் பாதியை நான் ஒருவனே தின்றுவிட்டு வயிற்றுக் குத்தோடு இரண்டு நாள் படுத்திருந்தேன் என்பதையும் சந்தோஷத்துடன் அறியத் தருகிறேன்.

நிற்க. தங்கள் மகனும் என் மருமகனுமான ஹுனைஸ் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மன்னார் பஸ்ஸில் ஒரு பையோடும் ஒரு ஃபைலோடும் தங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருப்பார். பதற வேண்டாம். அவருக்கும் றிஸ்லாவுக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அவருக்கும் எனக்கும் அறவே இல்லை. இது குடும்பப் பிரச்சினையே அல்ல ஹாஜியார், இது தொழில் பிணக்கு. சட்டத்தில் இரண்டுக்கும் வேறு வேறு கந்தோர். குடும்பப் பிரச்சினை என்றால் காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், தொழில் பிணக்கு என்றால் தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டும். நாங்கள் நிற்பது இரண்டாவது கந்தோர் வாசலில் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். இங்கே எங்கள் வீதியில் "மாப்பிள்ளை கோவிச்சிட்டுப் போயிட்டாராமே" என்று ஒரு கதை ஓடுகிறது. சட்டம் படிக்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

நான் எப்படிச் சட்டம் படித்தேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் எனக்கும் கை ஓடாது. தாங்களும் இரண்டு மருமக்களை வீட்டில் வைத்திருப்பவர், என் நிலைமை தங்களுக்கு விளங்கும். மகளைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே குடிவந்த மாப்பிள்ளையிடம் ஒரு மாமனார் என்ன பேச முடியும்? "சாப்பிட்டீங்களா மகன்" என்பதற்கு மேல் இந்த இரண்டரை வருடத்தில் நான் ஒரு வசனம் பேசியதில்லை. நான் மண்டபத்துக்குள் வந்தால் அவர் எழும்புவார். அவர் எழும்பினால் மரியாதைக்கு நானும் உட்காராமல் நிற்பேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருப்போம், பஸீனா வந்து "சோறு ஆறுது" என்று சொல்லும் வரைக்கும். வீட்டில் அது சரி. ஆனால் கடையில்? அவர் கடைக் கதிரையில் உட்கார்ந்து செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றுகிறது. தங்கள் மகனைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் களவெடுக்கவில்லை, பொடுபோக்காக இருக்கவில்லை, பிந்தி வரவில்லை. அவர் வாடிக்கையாளர்களிடம் உண்மையைச் சொன்னார்.

கொழும்பு வீதியில் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. புத்தளத்தில் இருந்து திரும்பிப் போகிற வேன் ஒன்று நிற்கிறது, கண்ணாடி போட்ட ஒரு கொழும்பு நோனா இறங்கி வருகிறா, கட்டாக் கருவாட்டை மணந்து பார்த்து "தம்பி, இது நல்லமா?" என்று கேட்கிறா. நான் சாக்குக்குப் பின்னால் நிற்கிறேன். உலகத்தில் எந்தக் கருவாட்டு வியாபாரியும் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். ஹுனைஸ் சொல்கிறார்: "நல்லம்தான் மெடம், ஆனா முந்தநாள் மழை பெஞ்சது, உள்ளுக்கு ஈரம் போகல்ல. இப்ப வாங்கினா வீட்ட போய் பூஞ்சணம் புடிக்கும். அடுத்த கிழமை வாங்க, நான் எடுத்து வைக்கிறேன்." நோனா வேனில் ஏறிப் போய்விட்டா. பின்னால் வந்த இரண்டு வேனும் அதைப் பார்த்துவிட்டு நிற்காமலே போனது. நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நான் போட்ட சத்தம் கல்பிட்டிக்குக் கேட்டிருக்கும். மாப்பிள்ளையை ஏச முடியுமா?

ஆகவே நான் முறைப்படி பஸீனாவிடம் சொன்னேன், "கடையில அப்படிக் கதைக்கப்படாதுண்டு செல்லுங்க" என்று. பஸீனா அதை நேரே சொன்னால் மாப்பிள்ளை மனம் நோகும் என்று கொஞ்சம் குறைத்து றிஸ்லாவிடம் சொன்னாள். றிஸ்லா தன் பங்குக்குக் கொஞ்சம் குறைத்து ஹுனைஸிடம் சொன்னாள். அவரிடம் போய்ச் சேரும்போது அது "உங்கட உழைப்பப் பார்த்து வாப்பாக்கு நல்ல சந்தோசமாம்" என்று ஆகியிருந்தது. அடுத்த நாள் அவர் இன்னும் உற்சாகமாக உண்மை பேசினார். அன்றைக்கு நிற்காமல் போனது நான்கு வேன்.

இந்த நிலைமையில்தான் ஏழு மாதத்துக்கு முன்பு புத்தளம் நகரத்தில் சிறு வியாபாரிகளுக்கான தொழில் சட்டமும் ஒப்பந்தமும் என்று ஒருநாள் செயலமர்வு வைத்தார்கள். பகல் சாப்பாடு உண்டு என்று சொன்னதால்தான் போனேன், அதை மறைக்கவில்லை. ஆனால் ஹாஜியார், நான் போனபோது இருந்த ஜவாஹிர் வேறு, திரும்பி வந்த ஜவாஹிர் வேறு! படிப்பித்தவர் ஒரு மிஸ், என் மகள் வயதுதான் இருக்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன முதல் விஷயமே என்னை உலுக்கிவிட்டது. "வேலை செய்றவங்களோட எதையும் வாயால கதைச்சுப் பிரச்சினைப்படாதீங்க. எழுத்தில குடுங்க. கோபம் வேண்டாம், கடிதம் போதும்." எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை. நாற்பது வருட வியாபாரத்தில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே! கை உயர்த்திக் கேட்டேன், "மிஸ், மருமகனுக்கும் குடுக்கலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "அவர் வேலை செய்றாரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "சம்பளம் குடுக்கிறீங்களா?" ஓம் என்றேன். "அப்ப அவர் ஊழியர். அவருக்கும் சட்டம் ஒண்டுதான்." அந்த நிமிடத்தில் எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல வார்த்தை இல்லை. வீட்டில் அவர் மாப்பிள்ளை, கடையில் அவர் ஊழியர். மாப்பிள்ளையைத்தான் ஏசக் கூடாது. ஊழியருக்குக் கடிதம் எழுதலாம்!

திரும்பி வரும்போது ஒரு கைநூலும் தந்தார்கள். அதன் கடைசியில் நான்கு மாதிரிக் கடிதங்கள் இருந்தன, பெயரை மட்டும் நிரப்பினால் சரி. பஸ்ஸில் வரும்போதே நான்கின் தலைப்புகளையும் பார்த்து முடித்தேன். எனக்கு எட்டு மணித்தியால வேலை, பதினான்கு நாள் லீவு, சேமலாப நிதி எல்லாம் அன்றைக்கே பாடம். பள்ளிவாசலில் ஒரு ஆளைப் பிடித்து மேலதிக நேரம் எப்படிக் கணக்கெடுப்பது என்று விளக்கினேன், அவர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார்.

முதல் நியமனக் கடிதத்தை மார்த்தாவுக்குக் கொடுத்தேன். தங்களுக்குத் தெரியும், தலவிலப் பக்கத்தில் இருந்து வந்து பத்தொன்பது வருடமாக எங்கள் வாடியில் மீன் வெட்டிக் காயவைக்கிற, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற பெண். அவள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நானா, சந்த அன்னம்மா கோயில் திருநாளுக்கு எனக்கு லீவுண்டு இதுல எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள். நான் எப்போதும் கொடுக்கிறேன்தானே என்றேன். "எப்பவும் குடுக்கிறதத்தானே எழுதச் சொல்றேன்" என்றாள். செயலமர்வுக்குப் போனது நான்தானா அல்லது அவளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். பிறகு ஏழாம் பிரிவில் வந்து நின்றாள். ஏழாம் பிரிவு கைநூலில் இருப்பது: வியாபார இரகசியங்களை ஊழியர் வெளி ஆட்களுக்கு வெளியிடக் கூடாது. அதை நான் எங்கள் தொழிலுக்குத் தக்கதாக விரித்து, மழை பெய்த நாள், மீன் வந்த நாள், உப்புப் போட்ட அளவு ஆகிய மூன்றும் இரகசியம் என்று சேர்த்திருந்தேன். மார்த்தா சொன்னாள், "மழை பெஞ்சது ஊருக்கே தெரியும் நானா, அதுல என்ன ரகசியம்?" அது வழக்கறிஞர் கேட்கிற கேள்வி, கையெழுத்துப் போடப் பேனையை நீட்டினேன்.

ஹுனைஸின் கடிதத்தை றிஸ்லாவைக் கொண்டு அழகாக அடிப்பித்தேன். பதவி: உதவி முகாமையாளர். தகுதிகாண் காலம்: ஆறு மாதம். ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு கடதாசியை வெறும் கையால் நீட்டலாமா? பஸீனா அதைத் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் வட்டிலப்பமும் வாழைப்பழமும் வைத்து, மேலே லேஸ் துணி போட்டு மூடிக் கொண்டுவந்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். வேலிக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டார் மாப்பிள்ளைக்கு இன்னொரு காணி எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது தங்கள் மகனின் குணத்தைத் தாங்கள் அறிவீர்கள். எழுத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்துச் செய்கிறவர். அடுத்த நாள் குருநாகலில் இருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒருத்தி நெத்தலியைக் காட்டி "இது எப்ப காஞ்சது தம்பி?" என்று கேட்டாள். நான் சாக்குக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஹுனைஸ் எழுந்து நின்று, மிக மரியாதையாக, "அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, ஏழாம் பிரிவு" என்றார். இன்னொருத்தி "உப்பு எவ்வளவு போட்டிருக்கு?" என்றாள். "அதுவும் ஏழாம் பிரிவு." ஹாஜியார், கருவாட்டில் சட்டம் போட்டு மறைக்கிற விஷயம் என்ன இருக்கிறது என்று நினைத்தார்களோ, கையில் எடுத்திருந்த பைகளையும் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். உண்மை சொன்னபோது மூன்று நான்கு வேன்தான் போனது. இப்போது ஒரு முழு பஸ்.

நான் கொஞ்சமும் கோபப்படவில்லை. கைநூலை எடுத்தேன். இரண்டாவது மாதிரி, விளக்கம் கோரும் கடிதம். பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தது, ஆகவே மதுரங்குளித் தபாற்கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த பிள்ளை கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அங்கிள், அனுப்புற விலாசமும் கிடைக்கிற விலாசமும் ஒண்டா இரிக்கே" என்றாள். முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு, ஒரே இலக்கம், சட்டம் அப்படித்தான் என்றேன். இரண்டு நாள் கழித்துப் பகல் சாப்பாட்டு நேரத்தில் தபால்காரர் வந்தார். ஹுனைஸ் எனக்கு எதிரே சோற்றில் கை வைத்திருக்கிறார். இடது கையால் கையெழுத்துப் போட நான்தான் பேனை கொடுத்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து, கவரைக் கிழித்து, நின்றபடி முழுவதையும் வாசித்தார். நானும் நின்றேன். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மாமா, பதிலும் பதிவுத் தபால்லதான் அனுப்பணுமா?" என்று கேட்டார்.

இரண்டரை வருடத்தில் அவர் என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது. "ஓம் மகன், பதிவுத் தபால்தான் நல்லம்" என்றேன்.

பதில் வந்தது ஹாஜியார், என்ன பதில்! முதல் வரியில், ஏழாம் பிரிவைத் தான் மீறவில்லை என்றும் கடைப்பிடித்ததால்தான் பஸ் போனது என்றும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே மூன்று பக்கம், காயவைக்கிற தட்டுகளை நிலத்தில் இருந்து இடுப்பளவு உயர்த்தினால் மழை ஈரம் ஏறாது என்றும், நெத்தலிக்கு நாங்கள் போடுகிற உப்பு கூட என்றும், தன் வாப்பாவின் வாப்பா, அதாவது தங்கள் தகப்பனார், அந்தக் காலத்தில் மன்னாரில் எப்படி மீன் காயவைத்தார் என்றும் எழுதியிருந்தார். நான் தட்டுகளை உயர்த்தினேன். உயர்த்திவிட்டேன் என்று பதிவுத் தபாலில் அறிவித்தேன். அதற்குப் பதில் வந்தது. மூன்றாவது மாதிரி எச்சரிக்கைக் கடிதம், எச்சரிக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அவருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்ற ஆசையில் காய்ச்சலோடு கடைக்கு வந்ததற்காக எச்சரித்தேன். அவர் நன்றி எழுதினார். ஆறு மாதத்தில் இருபத்திரண்டு கடிதம். தபால்காரர் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டார். எனக்கு ஆண்பிள்ளை இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு மகன் எழுதுகிற கடிதம் எப்படி இருக்கும் என்று நான் அறுபத்தொரு வயதில்தான் அறிந்தேன். இருபத்திரண்டையும் அலுமாரியில் என் பாஸ்போட்டோடு வைத்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமையோடு அவருடைய தகுதிகாண் காலம் முடிந்தது. அவரை நிரந்தரமாக்க வேண்டும். அதை யாருக்கும் தெரியாமல் ஒரு புதினமாகச் செய்ய நினைத்தேன், ஆகவே றிஸ்லாவிடம் அடிக்கக் கொடுக்கவில்லை. கைநூலில் மிச்சம் இருந்தது நான்காவது மாதிரி. தலைப்பு: தகுதிகாண் காலத்தின் முடிவு. இதுதான் என்று கொண்டுபோய் சந்தியில் இருக்கிற கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து, தடித்த கடதாசியில் அடிப்பித்தேன். என் கண்ணாடியின் ஒரு பக்கக் கால் அன்றைக்கு உடைந்திருந்தது. முதல் வரியைப் பார்த்தேன், "தங்களது தகுதிகாண் காலம் இன்றுடன் முடிவடைகிறது." கடைசி வரியைப் பார்த்தேன், "தங்களது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்." இதைவிட என்ன வேண்டும்? கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸீனாவின் கண்ணைக் காட்ட றிஸ்லா அவளைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் நானும் ஹுனைஸும் மட்டும். தாம்பாளம் இல்லை, தபால் இல்லை, நானே என் கையால் கொடுத்தேன். அவர் வாசித்தார். முகம் கொஞ்சம் வெளுத்தது, சந்தோஷத்தில்தான் என்று நினைத்தேன். "சரி மாமா" என்றார். உள்ளே போய்க் கடைச் சாவியையும் மோட்டார் சைக்கிள் சாவியையும் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். நிரந்தரமாகும்போது சாவியைக் கொடுத்து வாங்குவது ஒரு சம்பிரதாயம் போலும் என்று நினைத்து நானும் வாங்கிக்கொண்டேன். அவரைக் கட்டிப்பிடித்தேன். பஸீனா முதல்நாள் செய்துவைத்த வட்டிலப்பத்தை என் கையாலேயே ஊட்டினேன். அவர் ஒரு வாய்க்கு மேல் வாங்கவில்லை. பிறகு நான் ளுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய், என் மருமகன் இன்றில் இருந்து நிரந்தரம் என்று ஒவ்வொரு ஆளாகக் கை கொடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மன்னார் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

சிலாபத்தில் இருந்து திரும்பிவந்த றிஸ்லா கடிதத்தின் பிரதியை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அவள் கையில் இருந்த போனில் ஹுனைஸின் செய்தி ஒன்று. "மாமா எழுத்தில தந்துட்டார். நான் என்ன செய்ற?" மார்த்தாதான் முற்றத்தில் நின்று நடு வரிகளை உரக்க வாசித்தாள்: தங்கள் வசமுள்ள சாவிகளை ஒப்படைத்து, மேற்குறித்த விலாசத்தில் உள்ள வளாகத்தை விட்டு உடனடியாக வெளியேற வேண்டும். வாசித்துவிட்டு, "நானா, கடைக்கும் வீட்டுக்கும் ஒரே இலக்கம்தானே?" என்றாள். அது வேலை நீக்கக் கடிதமாம் ஹாஜியார். நிரந்தரமாக்குகிற மாதிரி அந்தக் கைநூலில் இல்லவே இல்லையாம். அதைப் போடாதது அவர்களுடைய குறை என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

பஸீனா மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள், "அந்தக் குடும்பத்துக்கு எந்தச் சொல்ல எழுதப்படாதோ அதப் போய் எழுதிட்டீங்களே." அதற்குப் பிறகு எனக்கு இரவு பகல் தெரியவில்லை. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரையும், தங்களையும், ஊரை விட்டு வெளியேறச் சொன்னபோது தங்களுக்கு யாரும் காகிதம்கூடத் தரவில்லை. கையில் பிள்ளையோடு இந்தக் கரைக்கு வந்து, இருபது வருடம் எங்கள் ஊரில் ஓலைக் கொட்டிலில் இருந்துவிட்டுத்தான் தாங்கள் திரும்பிப் போனீர்கள். ஹுனைஸ் பிறந்ததும் அந்தக் கொட்டிலில். அப்படிப்பட்டவருக்கு என் வீட்டு விலாசத்தைப் போட்டு வெளியேறு என்று எழுதி, கீழே வாழ்த்தும் போட்டிருக்கிறேன். இதற்கு நான் தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எந்தச் சட்டமும் தெரியாது, மன்னிப்பு மட்டும்தான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் நெஞ்சு ஆறும். புதன்கிழமை அந்தக் கொழும்பு நோனா திரும்பி வந்தா. கண்ணாடி போட்டவ. நான் நல்ல கட்டாவாக எடுத்து நீட்டினேன், உண்மையிலேயே நல்லது, உயர்த்திய தட்டில் காய்ந்தது. அவ வாங்கவில்லை. "அந்தத் தம்பி எங்க? அவர் நல்லம் எண்டு சொன்னாத்தான் நான் வாங்குவேன்" என்றா. தான் இந்த ஏழு மாதமும் மாதா மாதம் வருவதாகவும், தன்னோடு வேலை செய்கிறவர்கள் பத்துப் பேருக்கும் சேர்த்து ஹுனைஸிடம்தான் வாங்கிப் போவதாகவும் சொன்னா. அவர் போனில் கதைத்து எடுத்து வைப்பாராம். ஏழாம் பிரிவு இருக்கிறதே என்று கேட்டேன். "மழை பெஞ்சா போன் எடுக்க மாட்டார். எடுத்தா கருவாடு நல்லம் எண்டு எனக்கு விளங்கும்" என்றா. நான் குறை என்று நினைத்ததை வைத்துத்தான் கடை ஓடியிருக்கிறது, சாக்குக்குப் பின்னால் நின்ற எனக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே இத்துடன் ஐந்தாவது கடிதம் ஒன்று இணைத்திருக்கிறேன். எந்தக் கைநூலையும் பார்க்காமல் நானே எழுதியது, றிஸ்லாவையும் மார்த்தாவையும் கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தது. ஹுனைஸ் முகாமையாளர், நிரந்தரம், ஏழாம் பிரிவு நீக்கப்பட்டது, மழை பெய்தால் வாய் திறந்து சொல்லலாம். தொழில்தருநர் என்ற முறையில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். தாங்கள் இதை அவரிடம் கொடுத்து, வருகிற கிழமைக்குள் அவரை இங்கே அனுப்பிவைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையில் இருந்து றிஸ்லா என்னோடு "சாப்பிட்டீங்களா வாப்பா" என்பதற்கு மேல் பேசுவதில்லை.

தங்கள் வீட்டாருக்கும், இரண்டு மருமக்களுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய ஸலாமும். தங்கள் முழங்காலுக்குப் பூசச் சுறா எண்ணெய் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன், அல்லாஹ் சுகத்தைத் தருவானாக. கருவாடு காயாமலும் மனம் காய்ந்தும் இருக்கும்,

தங்கள் சம்பந்தி,
எம். ஜவாஹிர்,
தொழில்தருநர்.

பின்குறிப்பு: இணைத்த கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். மேலே எழுதியதிலும் மன்னிப்பைத் தவிர மற்றது ஒன்றும் செல்லாது. கவரை ஒட்டுவதற்கு முன்பு, புதுக் கடிதத்தில் வியாபாரப் பதிவு இலக்கத்தையும் போட்டால் இன்னும் சட்டப்படி இருக்கும் என்று நினைத்து, பதிவுச் சான்றிதழை எடுத்துவரும்படி றிஸ்லாவிடம் கேட்டேன். அவள் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உரிமையாளர் பெயர்: ஜவாஹிர் பாத்திமா றிஸ்லா. நிக்காஹ்வுக்கு முதல் கிழமை நமது வழக்கப்படி வீட்டை மகளுக்கு எழுதினபோது, முன்னுக்கு இருக்கிற கடையையும் பிரிக்க ஏலாது என்று சேர்த்து எழுதி, பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதிவையும் அவள் பெயருக்கு மாற்றினேன். பக்கத்தில் நின்றது தாங்கள்தான். பிறகு இரண்டு பேரும் சந்தோஷத்தில் ஃபலூடா குடித்தோம். குடித்ததோடு நான் மறந்துவிட்டேன். இரண்டரை வருடமாக என் கடை என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். கைநூலின் முதல் பக்கத்தில் தொழில்தருநர் யார் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள் என்று இருக்கிறதாம், அது எனக்குத் தெரிந்த விஷயம்தானே என்று தாண்டியிருந்தேன். ஆகவே ஹாஜியார், ஹுனைஸை நான் நியமிக்கவும் இல்லை, எச்சரிக்கவும் இல்லை, நீக்கவும் இல்லை. அவரை நீக்க எனக்கு அதிகாரமே கிடையாது. வீடு அவருடைய மனைவியின் வீடு. அதை விட்டு வெளியேறச் சொல்ல நான் யார்?

றிஸ்லா கைநூலைத் தட்டிக்கொண்டு சொன்னாள், "வாப்பா, என்ட கடையில நீங்க ரெண்டரை வருசமா நியமனக் கடிதம் இல்லாம வேலை செய்றீங்க. புடிச்சா எனக்குத்தான் கேஸ்." உடனே உட்கார்ந்து எனக்கு ஒன்று எழுதினாள். பதவி: விற்பனை உதவியாளர். தகுதிகாண் காலம்: ஆறு மாதம். நான் நடு வரிகளையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மருமகனைக் கூட்டிவர ஒருநாள் லீவு வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். அதை வாசிக்கும்போதுதான் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தரமாக என் பிள்ளையின் கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது. லீவு தந்துவிட்டாள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானே கையில் கொண்டுவருகிறேன். தயவுசெய்து அவரை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். அவர் இல்லாமல் திரும்பி வந்தால் என்னை வேலைக்கு எடுக்க மாட்டாளாம், கையெழுத்துப் போட்டு எழுத்தில் தந்திருக்கிறாள்.